"மாட்டேங்கிறார்": நோட்டீசில் இதை எப்படி எழுதுவது?

செக்காலை ரோடு:
பூர்வீக வீட்டுப் பாகப்பிரிவினைக்கு ஒரு நோட்டீஸ் தயாராகிறது. பங்காளிகள் பதினோரு பேர். பத்துப் பேர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாச்சு, ஒருத்தர் பாக்கி. பேச்சில் சொன்னால் ஒரே வரிதான்: "அவர் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்." இதை எழுத்துத் தமிழுக்கு மாற்ற உட்கார்ந்தால் ஐந்து சொல் வந்து நிற்கிறது. மறுக்கிறார், உடன்படவில்லை, இணங்கவில்லை, ஒத்துழைக்கவில்லை, கீழ்ப்படியவில்லை. எல்லாம் ஒன்றுதானா? எதைப் போட்டால் பின்னால் வம்பு வராது?

கோர்ட்டு வாசல்:
முதலில் "கீழ்ப்படியவில்லை"யை அடித்துவிடுங்கள் தம்பி. கீழே படிய வேண்டுமென்றால் மேலே ஒருத்தர் இருக்க வேண்டும். முதலாளி, அதிகாரி, நீதிமன்றம், இப்படி உத்தரவு போடும் அதிகாரம் உள்ள ஒருவர். பங்காளிக்குப் பங்காளி மேலும் கிடையாது, கீழும் கிடையாது. நீங்கள் அப்படி எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பத்தியிலேயே "என் கட்சிக்காரருக்கு உத்தரவிட நீங்கள் யார்?" என்று கேட்பார். கேள்வி நியாயமானதுதான்.

மற்ற நான்கில் எது என்பதற்கு முன் மூன்று விவரம் வேண்டும். அவரிடம் கேட்டது எழுத்திலா, வாய்ப்பேச்சிலா? அவரிடமிருந்து பதில் ஏதாவது வந்ததா? வந்திருந்தால், அவர் வாயிலிருந்து வந்த சொல் என்ன? கேட்காத ஒன்றை யாரும் மறுக்க முடியாது. கேட்டதற்கு ஆதாரம் இல்லாமல் "மறுத்தார்" என்று எழுதுவது காலில்லாத நாற்காலி.

பள்ளத்தூர் இலக்கணம்:
வழக்கு விவகாரத்தை அவர் பார்த்துக்கொள்வார். "மாட்டேங்கிறார்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், பிரித்தால்தான் எதை எடுத்து எதை வைக்கிறோம் என்று தெரியும்.

மாட்டேன் + என்கிறார். அவ்வளவுதான். அவர் சொன்ன "மாட்டேன்" என்ற தன்மைச் சொல்லை அப்படியே உள்ளே வைத்து, மேலே "என்கிறார்" போட்டு மூடியிருக்கிறோம். அதனால்தான் ஆள் மாறினாலும் உள்ளே இருக்கும் "மாட்டேன்" மாறுவதில்லை. அவன் மாட்டேங்கிறான், அவள் மாட்டேங்கிறா, நீ மாட்டேங்கிறே. யாராக இருந்தாலும் உள்ளே ஒரு "நான்" உட்கார்ந்திருக்கிறது.

இதோடு "வர மாட்டார்" என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். "கல்யாணத்துக்கு அவர் வர மாட்டார்" என்றால் அது சொல்பவரின் கணிப்பு. அவரிடம் யாரும் கேட்டிருக்கவே வேண்டாம். விசா கிடைத்திருக்காது, உடம்பு சரியில்லாமல் இருக்கும். "வர மாட்டேங்கிறார்" என்றால் கேட்டாகிவிட்டது, அவர் பதிலும் சொல்லியாகிவிட்டது. கேள்வியும் பதிலும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நோட்டீசுக்கு வந்து நின்ற அந்த ஐந்து எழுத்துத்தமிழ்ச் சொற்களில் எதுவும் இவ்வளவு சுமக்காது.

காலமும் சுத்தமாகப் பிரியும். மாட்டேங்கிறார் என்றால் இன்னமும் அதே நிலை. மாட்டேன்னுட்டார் என்றால் ஒரு தடவை சொன்னார், முடிந்தது. மாட்டேம்பார் என்றால் எப்போதும் அப்படித்தான், நாளைக்குக் கேட்டாலும் அதே பதில்.

ஆத்தங்குடி:
அப்போ பூட்டு? "சாவி திரும்ப மாட்டேங்குது"ன்னு சொல்றோமே. சாவி எந்த ஊர்ல "மாட்டேன்"னு வாயத் தொறந்து சொல்லுச்சு?

பள்ளத்தூர் இலக்கணம்:
நல்ல கேள்வி. அஃறிணைக்கு எழுத்திலக்கணப்படி "மாட்டாது" என்ற வடிவம் உண்டு. ஆனால் இன்றைக்கு யாரும் "சாவி திரும்ப மாட்டாது" என்று சொல்வதில்லை, "திரும்பாது" என்கிறோம். "மழை வராது", "நாய் கடிக்காது". பேச்சுத் தமிழில் மாட்டான், மாட்டாள், மாட்டார் எல்லாம் உயர்திணைக்கு மட்டும்தான். அஃறிணைக்கு அந்தக் கதவு அடைத்துவிட்டது.

ஆனால் "மாட்டேங்குது" மட்டும் அஃறிணைக்குத் தாராளமாக வருகிறது. காரணம், அங்கே சாவியை ஆளாக்கிவிட்டோம். நாம் திருப்புகிறோம், அது "மாட்டேன்" என்கிறது. ஒருமுறை முயன்று பார்க்காமல் இந்தச் சொல் வராது என்பதைக் கவனியுங்கள். சாவியைத் தொடாமலே "திரும்ப மாட்டேங்குது" என்று யாரும் சொல்வதில்லை. தூக்கம் வர மாட்டேங்குது, பேனா எழுத மாட்டேங்குது, சோறு இறங்க மாட்டேங்குது. எல்லாவற்றிலும் ஒரு முயற்சி இருக்கிறது, அதற்கு எதிராக ஒரு முரண்டு இருக்கிறது.

ஆத்தங்குடி:
சரிதான் ஐயா. எங்க ஊர்ப் பூக்கல்லு, அதான் தரையில பதிக்கிற கல்லு, அது போடுற இடத்துலயும் இப்படித்தான் பேச்சு. கண்ணாடிமேல அச்சு வச்சுக் கலர் ஊத்தி, அதுமேல சிமெண்ட்டும் மணலும் போட்டு அமுக்கி, இறுகினதும் தண்ணித் தொட்டியில போடுவாங்க. எடுத்துக் காய வச்சா கண்ணாடி தானா விட்டுரும். சரியாக் காயறதுக்கு முன்னாடி பிடிச்சு இழுத்தா "கல்லு கண்ணாடிய விட மாட்டேங்குது"ம்பாங்க. ஒரு நாள் போனா அதே கல்லு "விட்டுருச்சு". கல்லு அதே கல்லுதான், இழுத்த நேரந்தான் தப்பு.

செக்காலை ரோடு:
அப்படியானால் "கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார்" என்றே நோட்டீசில் எழுதிவிடலாமா? எழுத்துத் தமிழாகவும் இருக்கிறதே.

கோர்ட்டு வாசல்:
அவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் எழுதலாம், மேற்கோள் குறிக்குள் போட்டு, தேதியோடு. சொல்லாமல் இருந்தால் நீங்கள் அவர் வாயில் சொல்லைத் திணிக்கிறீர்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அவர் எழுதிவிட்டால் உங்கள் நோட்டீசில் ஒரு வரி பொய்யாகிவிடும். ஒரு வரி பொய்யானால் மற்றதையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

புதுவயல் ஆச்சி:
நம்ம பக்கத்துல பெரியவங்ககிட்ட யாராச்சும் நேரா "மாட்டேன்"னு சொல்லுவாங்களாப்பா? பந்தியில சோறு வேணாம்னா "போதும்"னு இலைக்கு மேல கைய வைப்பாங்க. பணங் குடுத்தா "இருக்கட்டும்"பாங்க. சம்பந்தம் பிடிக்கலைன்னா "ஜாதகம் பொருந்தலை"ம்பாங்க, இல்லைன்னா "பிறகு சொல்லி அனுப்புறோம்"பாங்க. "மாட்டேன்" புள்ளைங்க வாய்ச் சொல்லு, இல்லாட்டிச் சண்டைக்காரன் சொல்லு. அந்தப் பங்காளி "பாப்போம்"னுதான் சொல்லியிருப்பாரு. நான் பந்தயங் கட்டுறேன்.

இன்னொன்னு. கல்யாணத்துல நகரத்தார் எழுதுற இசைகுடிமானம் இருக்குல்ல, அதுல வர்ற "இசை" பாட்டு இல்ல, இசைவு. ரெண்டு பக்கமும் இசைஞ்சோம்னு எழுதி வைக்கிறது. இசைஞ்சதுக்கு ஏடு இருக்கு. இசையாததுக்கு யாரு ஏடு எழுதினா?

செக்காலை ரோடு:
ஆச்சி, பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயிச்சீங்க. முதல் தடவை "பார்ப்போம்". இரண்டாவது தடவை "எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை". மூன்றாவதற்குப் பதிலே இல்லை.

பள்ளத்தூர் இலக்கணம்:
ஆச்சி சொன்னதைப் பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்துவிட்டார். நன்னூலில் விடை எட்டு வகை: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. பள்ளியில் "ஆடுவாயா?" என்றால் "கால் வலிக்கிறது" என்று மனப்பாடம் செய்த பாடம்தான். முதல் மூன்றும் நேரடி விடை. பின் ஐந்தும் விடை தரும், ஆனால் சுற்றி வரும்.

உங்கள் பத்திரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். "கையெழுத்துப் போடுவீர்களா?" என்று கேட்டால்:

"மாட்டேன்" என்பது மறை.
"உங்களுக்கு அவசரம்னா நீங்களே போட்டுக்கங்க" என்பது ஏவல்.
"கண்ணு தெரியலை" என்பது உற்றது உரைத்தல். நடந்துவிட்ட ஒன்றைச் சொல்லித் தப்பிப்பது.
"போட்டா என் மகனுக்கு நாளைக்கு வம்பு வரும்" என்பது உறுவது கூறல். வரப்போவதைச் சொல்லித் தப்பிப்பது.
"ரிப்பேர்ச் செலவுல என் பங்கை வேணா தந்துர்றேன்" என்பது இனமொழி. கேட்டது ஒன்று, கொடுப்பது அதன் பக்கத்து வீட்டுப் பொருள்.

வினாதல் மட்டும் எதிர்ப்பக்கம் போகும். "போடாம இருப்பேனா?" என்றால் சம்மதம். ஆக மறுப்பதற்கு ஐந்து வழி, அதில் நான்கில் "மாட்டேன்" என்ற ஒலியே கிடையாது. காமராஜர் பெயரோடு ஒட்டிப்போன "ஆகட்டும் பார்க்கலாம்" இந்த எட்டில் எதில் சேரும் என்று மாணவர்களைக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும்.

கோர்ட்டு வாசல்:
இலக்கண ஐயா நம் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். மறை விடை வந்திருந்தால்தான் "மறுத்தார்". மற்ற நான்கில் எது வந்தாலும் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, "ஆனால் இதுவரை கையெழுத்திடவில்லை" என்று சேர்த்துவிடுவதுதான் பத்திரம். சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம்.

இனி "மறு" என்ற சொல்லிலேயே ஒரு குழி இருக்கிறது. நோட்டீஸ் எழுதுபவர்களில் பாதிப் பேர் இதில் விழுகிறார்கள்.

கையெழுத்திட மறுத்தார்: போட முடியாது என்றார்.
கையெழுத்திட்டதை மறுத்தார்: போட்டுவிட்டு, போடவில்லை என்கிறார்.
கையெழுத்தை மறுத்தார்: இது என் கையெழுத்தே இல்லை என்கிறார்.

முதலாவது பாகப்பிரிவினை வழக்கு. மூன்றாவது கையெழுத்து நிபுணர் வரை போகும். "கையெழுத்திட" என்ற செயவென் எச்சம் வந்தால் செய்ய மாட்டேன் என்பது. "ஐ" உருபு வந்தால் நடந்ததே இல்லை என்பது. செய்திகளில் வருகிற "மறுப்புத் தெரிவித்தார்" இரண்டுக்கும் பொது, அதனால் இரண்டுக்கும் உதவாது. "தர மாட்டேன் என மறுத்தார்" என்பதும் அப்படித்தான், ஒரே ஆணியை இரண்டு தடவை அடிக்கிற வேலை.

நாச்சியாபுரம்:
இவ்வளவு சுற்றுவானேன்? "முரண்டு பிடிக்கிறார்" என்று போட்டுவிட்டால் ஊருக்கே புரியும்.

கோர்ட்டு வாசல்:
ஊருக்குப் புரியும், சமரசப் பேச்சும் அன்றோடு முடியும்.

பள்ளத்தூர் இலக்கணம்:
முரண்டு, அடம், வீம்பு, பிடிவாதம், சண்டித்தனம் எல்லாமே மறுப்பவரைப் பற்றிய தீர்ப்பு. மறுப்பைப் பற்றிய செய்தி அல்ல. அவற்றுக்குள்ளும் சாதி வித்தியாசம் உண்டு. அடம் குழந்தைக்கு, கேட்டது கிடைக்கும்வரை. வீம்பு பெரியவருக்கு, தனக்கே நஷ்டம் என்று தெரிந்தும். சண்டித்தனம் வண்டிமாட்டிலிருந்து வந்தது. நுகத்தில் பூட்டியதும் படுத்துவிடும் மாடுதான் சண்டி. நுகம் ஏற்றிய பிறகு படுப்பது என்பதால், பொறுப்பில் இருந்துகொண்டு வேலையை ஓட்டாதவருக்கு அந்தச் சொல் பொருந்தும். ஒருபோதும் நுகத்தில் பூட்டப்படாத பங்காளிக்குப் பொருந்தாது. மக்கர் வண்டிக்கும் மோட்டாருக்கும். தட்டிக்கழித்தல் வேறு, அங்கே மறுப்பே கிடையாது, தள்ளிப்போடுவது மட்டும்தான்.

தேவகோட்டை ரஸ்தா:
"ஒத்துழைக்கவில்லை"யை எல்லாரும் விட்டுவிட்டீர்களே. ஒத்து உழைத்தல் என்றால் கூடி வேலை செய்வது. அதை நிறுத்திக்கொள்வது ஒத்துழையாமை. 1920-இல் காந்தி தொடங்கியது அதுதான். பட்டத்தைத் திருப்பிக் கொடு, கோர்ட்டுக்குப் போகாதே, சர்க்கார் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வா. சட்டத்தை மீறச் சொல்லவில்லை, கையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

1930-இல் வந்தது சட்டமறுப்பு. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியது. இங்கே ஒரு குறிப்பிட்ட சட்டத்தை எடுத்து, வெளிப்படையாக மீறி, ஜெயிலுக்கும் தயாராக நிற்பது. 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் கோர்ட்டு எரிந்ததும், திருவாடானைச் சிறை உடைந்ததும் இந்த இரண்டு சொல்லிலும் அடங்காது. மேடைப் பேச்சில் மூன்றையும் ஒத்துழையாமை என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். கட்டக் கூடாது.

உங்கள் பங்காளி ஏற்கெனவே வீட்டுச் செலவில் பங்கு கொடுத்து, அளவெடுக்க வரவும் விட்டு, இப்போது நிறுத்தியிருந்தால் "ஒத்துழைக்கவில்லை" சரி. ஒருநாளும் கூட வராதவரை அப்படிச் சொல்வது பொருந்தாது.

பள்ளத்தூர் இலக்கணம்:
ரஸ்தாக்காரர் எடுத்த நூலிலேயே ஒரு முடிச்சு. கீழ்ப்படிதலுக்கு மேலே ஒருவர் வேண்டும் என்றார் கோர்ட்டு வாசல். பல்லவ அரசன் ஆளனுப்பி அழைத்தபோது அப்பர் சொன்னதாக வரும் "நாமார்க்கும் குடியல்லோம்" அந்த மேல்கீழையே முதலில் வெட்டிவிடுகிறது. வர மாட்டேன் என்று தொடங்கவில்லை, நான் உன் குடியே இல்லை என்று தொடங்குகிறார். "அல்லோம்" உறவை மறுக்கிறது. அடுத்து வரும் "அஞ்சோம்" செயலை மறுக்கிறது. இரண்டும் வேறு வேறு எதிர்மறை.

"அஞ்சோம்", "போகேன்", "செய்யேன்" வகையில் கால இடைநிலை கிடையாது, மூன்று காலத்துக்கும் பொது. வீடணன் வந்து அழைக்கும்போது கம்பனின் கும்பகருணன் சொல்வதும் "போகேன்"தான். இந்த ஒற்றைச் சொல்லைப் பேச்சு வழக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டது: போகலை, போறதில்லை, போக மாட்டேன்.

"மாட்டு" பழைய தமிழில் இயலுதல் என்ற பொருளில் வந்த துணைவினை. மாட்டேன் என்றால் என்னால் ஆகாது. அந்த வாசனை "பசி பொறுக்க மாட்டாமல்" என்பதில் இன்னும் ஒட்டியிருக்கிறது. பொறுக்க மறுத்து அல்ல, பொறுக்க முடியாமல். காலப்போக்கில் "ஆகாது" என்பது "ஆக விடமாட்டேன்" ஆகிவிட்டது. இப்போது "முடியாது" அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. "முடியாதுன்னுட்டான்" என்றால் யாரும் பலவீனம் என்று எடுத்துக்கொள்வதில்லை. "எனக்கு முடியலை" என்றால் உடம்பு சரியில்லை, "என்னால முடியாது" என்றால் முகத்தில் அடித்த பதில். வேற்றுமை உருபும் வினையின் முடிவும் மாறினால் மருந்தா, சண்டையா என்பதே மாறும்.

"மாட்டேன்" எல்லா இடத்திலும் மறுப்பும் அல்ல. "இனிமே பொய் சொல்ல மாட்டேன்" வாக்குறுதி. "ஒரு கை பிடிக்க மாட்டீங்களா?" கெஞ்சல்.

கோர்ட்டு வாசல்:
இந்த "முடியாது"வால் வேலை இடங்களில் தகராறு உண்டு, சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளில் (வேலை இட விதிகளில்), மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமை ஒரு ஒழுங்கீனமாக இருந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணையில் "கீழ்ப்படியவில்லை" என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. உத்தரவிட்டவர் யார், எந்தத் தேதி, எத்தனை மணி, உத்தரவின் வாசகம், அது அவர் வேலைக்கு உட்பட்டதா, அவர் சொன்ன பதில். கடைசியைத் தொழிலாளி சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அவர் "முடியலை சார்" என்று சொன்னதை எழுதியவர் "முடியாது சார்" என்று மாற்றிவிட்டால், காய்ச்சல்காரர் கலகக்காரர் ஆகிவிடுவார்.

செக்காலை ரோடு:
மூன்றாவது தடவை கடிதமாகக் கேட்டதற்குப் பதிலே இல்லை என்றேனே அண்ணே. மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கோர்ட்டு வாசல்:
பொதுவாகக் கூடாது. சட்டமே சொன்னால் மட்டும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், பிரிவு 7(2)-இன்படி மறுத்ததாகவே கருதப்படும். அந்த மேல்முறையீட்டில்கூட "மறுத்தார்" என்று எழுதாமல் "மறுத்ததாகக் கருதப்படுகிறது" என்று எழுதுவதுதான் சரி. பங்காளிக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை.

தபால் உறை விஷயம் வேறு. ஒப்புகையோடு அனுப்பிய உறை "வாங்க மறுத்தார்" என்ற தபால்காரர் குறிப்போடு திரும்பினால், அது சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். 1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டம் 27-ஆம் பிரிவின் அனுமானம் துணைக்கு வரும். ஆனால் முகவரி சரியாக இருக்க வேண்டும். திரும்பி வந்த உறையைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் உள்ளே அன்றைக்கு என்ன இருந்தது என்பதற்கு ஆதாரம் போச்சு. ஒட்டியபடியே, ரசீதோடு சேர்த்துப் பின் குத்தாமல் வையுங்கள். "கதவு பூட்டியிருந்தது", "வெளியூர் சென்றுள்ளார்" என்ற குறிப்பெல்லாம் மறுப்பு அல்ல. செட்டிநாட்டில் நிறையப் பெரிய வீடுகள் வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன, அதனால் வசிக்கும் ஊர் முகவரிக்கும் ஒன்று அனுப்புங்கள்.

செக்காலை ரோடு:
இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"மேற்படி பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திடுமாறு தங்களை இருமுறை நேரிலும் ஒருமுறை கடிதம் வாயிலாகவும் கேட்டுக்கொண்டோம். முதல்முறை 'பார்ப்போம்' என்றும், இரண்டாம்முறை 'கண் சரியாகத் தெரியவில்லை' என்றும் கூறினீர்கள். கடிதத்துக்கு மறுமொழி தரவில்லை. இதுவரை தாங்கள் கையெழுத்திட்டதை மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை."

பள்ளத்தூர் இலக்கணம்:
கடைசி வரியில் குழியில் விழுந்துவிட்டீர்கள். "கையெழுத்திட்டதை" அல்ல, "கையெழுத்திட". "இசையவும் இல்லை" நன்றாக இருக்கிறது, ஆச்சிக்கு நன்றி சொல்லுங்கள்.

கோர்ட்டு வாசல்:
இரண்டு நேர்ப்பேச்சுக்கும் தேதி போடுங்கள், யார் கூட இருந்தார் என்பதையும் சேருங்கள். "கண் சரியாகத் தெரியவில்லை" என்றாரே, அதற்கு அடுத்த வரியாக, பத்திரத்தைச் சாட்சிகள் முன்னிலையில் அவருக்கு வாசித்துக் காட்டத் தயார் என்று எழுதிவிடுங்கள். கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைநாட்டும் செல்லும்.

புதுவயல் ஆச்சி:
வாசிக்கிறவரு கொஞ்சம் மெதுவா வாசிக்கட்டும்ப்பா. காது எப்படின்னு யாரும் கேக்கலையே.